ஒரே ஆல்பம், மூன்று தட்டு: 'பிரெஸ்ஸிங்' என்றால் என்ன?

என்னிடம் ஸ்டீலி டானின் 'ஏஷா' இசைத்தட்டு மூன்று இருக்கிறது. மூன்றிலும் அதே ஏழு பாட்டு, அதே வரிசை, அதே கறுப்பு உறை. போன பொங்கலுக்குத் தங்கை வந்திருந்தபோது அலமாரியைக் குடைந்து மூன்றையும் தரையில் பரப்பிவிட்டு, "ஒண்ணு தேய்ஞ்சுபோனா இன்னொண்ணுக்காகவா அண்ணா?" என்று கேட்டாள். "இல்லம்மா, மூணும் வேற வேற பிரெஸ்ஸிங்" என்றேன். "அப்படின்னா?" என்றாள். அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

பிரெஸ்ஸிங் என்றால் அச்சு, அவ்வளவுதான். எந்த மூலத்திலிருந்து, யார் கை வெட்டிய வார்ப்பிலிருந்து, எந்த ஆலையில், எப்போது அந்தத் தட்டு அழுத்தி எடுக்கப்பட்டது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். கேசட் காலத்து ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ரெக்கார்டிங் சென்டரில் எல்பி தட்டிலிருந்து நேராகப் பதிந்து வாங்கிய கேசட் ஒரு மாதிரி இருக்கும். அதை நண்பன் வாங்கிப்போய் அவன் வீட்டு டபுள் டெக்கில் காப்பி எடுப்பான். அதிலிருந்து அவன் மச்சான் இன்னொன்று எடுப்பான். மூன்றாவது கேசட்டில் டிரம்ஸின் ஹை-ஹாட் தாளத்தட்டு 'ஸ்ஸ்' என்ற இரைச்சலுக்குள் போய் ஒளிந்திருக்கும். பாட்டு என்னவோ அதே பாட்டுதான். இசைத்தட்டிலும் இந்தத் தலைமுறைக் கணக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாது, அதுதான் வித்தியாசம்.

சரி, ஏன் 'ஏஷா'? பிரெஸ்ஸிங் என்ற பேச்சைப் பழக இதைவிட நல்ல ஆல்பம் எனக்குத் தெரியவில்லை. அபூர்வமான தட்டு என்றால் கிடைப்பதே பெரிசு. எந்த அச்சு என்று பார்த்து எடுக்க வாய்ப்பே இருக்காது. 'ஏஷா' லட்சக்கணக்கில் விற்றது. அமெரிக்காவில் மட்டும் 20 லட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்றது. அங்கே பழைய தட்டுக் கடைகளில் இது கிடைக்காத சரக்கே இல்லை. ஆகவே இதைத் தேடுகிறவர்கள் 'ஏஷா'வைத் தேடுவதில்லை, குறிப்பிட்ட ஒரு 'ஏஷா'வைத் தேடுகிறார்கள்.

(உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. உறையில் உள்ள 'Aja' என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'அஜா' என்று படிக்கத் தோன்றும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆசியா கண்டத்தை ஆங்கிலத்தில் சொல்வதுபோலவே சொல்ல வேண்டும். பாட்டுக்காரர் டொனால்ட் ஃபேகனின் பள்ளி நண்பர் ஒருவருடைய அண்ணனோ தம்பியோ கட்டிக்கொண்ட கொரியப் பெண்ணின் பெயராம் அது.)

ஆல்பத்தைப் பற்றிக் கொஞ்சம்

ஸ்டீலி டான் என்பது பெயருக்குத்தான் பேண்ட். உண்மையில் இரண்டு பேர்: டொனால்ட் ஃபேகன், வால்டர் பெக்கர். 1967இல் நியூயார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரியில் சந்தித்தவர்கள். ஆரம்பத்தில் மேடை ஏறி வாசித்தார்கள்; 1974இல் அதை நிறுத்திவிட்டு ஸ்டுடியோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் யார் சரிப்படுவார் என்று பார்த்து, வாடகைக்கு வாசிக்கும் ஸ்டுடியோ கலைஞர்களை வரவழைத்து, திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து, பிடிக்காவிட்டால் ஆளை மாற்றி வேலை செய்தார்கள். இந்த ஆல்பத்தின் 'பெக்' பாட்டில் வரும் சிறிய கிட்டார் துண்டுக்கு ஏழெட்டுப் பேரை முயன்று பார்த்து, கடைசியில் ஜே கிரேடன் வாசித்ததை எடுத்துக்கொண்டார்கள் என்பது ராக் உலகில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே பாட்டில் பேஸ் வாசித்த சக் ரெய்னியிடம், கம்பியைக் கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் 'ஸ்லாப்' வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் தடுப்புக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு அதையேதான் வாசித்தார். கேட்டுவிட்டு இவர்கள் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டில் இருப்பது அதுதான்.

ஜாஸ்-ராக் என்ற சொல்லுக்கு இரண்டு வழிகளில் வரலாம். மைல்ஸ் டேவிஸ் போன்ற ஜாஸ்காரர்கள் 1969, 70 வாக்கில் மின்சாரக் கிட்டார், மின்சாரப் பியானோ, ராக் தாளம் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது ஒரு வழி. அங்கே பாட்டு என்று பெரிதாக இருக்காது, நீண்ட வாசிப்புதான். ஸ்டீலி டான் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பல்லவி, சரணம், கோரஸ் என்று ரேடியோவில் போடக்கூடிய பாட்டுதான். ஆனால் அடியில் ஓடும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) ஜாஸுக்கு உரியவை, தனி வாசிப்பு வரும் இடத்தில் வாசிப்பவரும் ஜாஸ்காரர். தலைப்புப் பாட்டான 'ஏஷா' கிட்டத்தட்ட எட்டு நிமிடம். அதன் நடுவில் டெனார் சாக்ஸஃபோன் வாசிப்பவர் மைல்ஸின் குழுவில் இருந்த வெய்ன் ஷார்ட்டர். அவருக்கு அடியில் டிரம்ஸில் புரட்டிப் போடுபவர் ஸ்டீவ் காட். 'இதெல்லாம் ஜாஸே இல்லை, பாலிஷ் போட்ட பாப்' என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

1977 செப்டம்பரில் ஏபிசி ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. தயாரிப்பாளர் கேரி கட்ஸ். அமெரிக்க ஆல்பம் பட்டியலில் மூன்றாம் இடம்வரை ஏறியது. நம் விஷயத்துக்கு முக்கியமானது வேறொன்று: ஒலிப்பதிவுக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது. ரோஜர் நிக்கல்ஸ், எலியட் ஷைனர், அல் ஷ்மிட், பில் ஷ்னீ என்று நான்கு பொறியாளர்கள். ஸ்பீக்கர் விற்கும் கடைகளில் இன்றும் சோதனைக்குப் போடும் தட்டுகளில் ஒன்று இது. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக, துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி நிற்கும். இப்படிப்பட்ட பதிவில்தான் ஓர் அச்சுக்கும் இன்னோர் அச்சுக்கும் உள்ள வித்தியாசம் காதில் விழும். கராஜில் பதிந்த பங்க் ராக் ஆல்பத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவைப்படாது.

தட்டு பிறக்கும் விதம்

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஸ்டுடியோவில் இரண்டு அங்குல அகல டேப்பில் டிரம்ஸ் ஒரு தடத்தில், பேஸ் இன்னொன்றில், குரல் வேறொன்றில் என்று தனித்தனியாகப் பதிவார்கள். இது மல்டிடிராக். பிறகு அதையெல்லாம் கலந்து இடது, வலது என இரண்டு தடமாக இன்னொரு டேப்பில் இறக்குவார்கள். இந்த இரண்டாவது டேப்தான் மாஸ்டர் டேப். தட்டு இதிலிருந்துதான் வரும்.

அடுத்து இந்த மாஸ்டர் டேப் மாஸ்டரிங் பொறியாளரிடம் போகும். 'ஏஷா'வுக்கு அவர் பெர்னி கிரண்ட்மன். அவர் முன்னால் ஒரு கடைசல் எந்திரம். அதில் அலுமினியத் தகடு. மேலே நகப்பூச்சு மாதிரி மென்மையான லாக்கர் பூச்சு. சூடான ஊசி ஒன்று டேப்பின் இசைக்கு ஏற்ப ஆடிக்கொண்டே அந்தப் பூச்சில் சுருள் வரியாகப் பள்ளம் வெட்டிக்கொண்டு போகும். வெட்டுப்பட்டு வரும் பூச்சு, தலைமுடியைவிட மெல்லிய இழையாகக் கிளம்பும்; அதை ஒரு குழாய் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் வெட்ட வேண்டும். நடுவில் பிசகினால் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வெட்டுவது எந்திரம்தானே, யார் வெட்டினால் என்ன என்று கேட்கலாம். பேஸ் ஒலி பெரிதாக இருந்தால் ஊசி அகலமாக ஆடும், பள்ளத்துக்கு இடம் அதிகம் வேண்டும், பக்கத்து வரியில் போய் இடிக்கும். ஒலியைக் கூட்டினால் ஒரு பக்கத்தில் குறைந்த நிமிடமே கொள்ளும். 'ஏஷா'வின் முதல் பக்கம் 20 நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குள் எவ்வளவு சத்தம், எவ்வளவு பேஸ், எந்த இடத்தில் வரிகளை நெருக்குவது, எங்கே தளர்த்துவது என்பதெல்லாம் அந்த ஆளின் கைப்பக்குவம். ஒரே மாவுதான், தோசை கைக்குக் கை மாறுகிறதல்லவா, அந்த மாதிரி. இப்படி ஒருமுறை வெட்டியதைக் 'கட்' என்பார்கள். தட்டுக்காரர்கள் 'நல்ல கட்' என்று சொல்வது இதைத்தான்.

லாக்கர் தகட்டை நேரடியாக வைத்துத் தட்டு அழுத்த முடியாது, அது மெத்தென்று இருக்கும். அதன்மேல் வெள்ளி தூவி, நிக்கல் தொட்டியில் மின்முலாம் ஏற்றுவார்கள். முலாம் தடித்ததும் உரித்து எடுத்தால் பள்ளத்துக்குப் பதில் மேடாக ஓர் உலோகப் படிவம் கிடைக்கும். அதற்குப் பெயர் ஃபாதர். லாக்கர் அத்தோடு காலி. ஃபாதரிலிருந்து இன்னொரு முலாம் எடுத்தால் மறுபடி பள்ளம் வரும்; அது மதர். மதரிலிருந்து மூன்றாவதாக எடுப்பது மறுபடி மேடு. அதுதான் அழுத்துவதற்கானது, ஸ்டாம்பர். அப்பா, அம்மா என்று பெயர் வைத்தவர்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஸ்டாம்பர் என்று வைத்தார்கள் தெரியவில்லை.

இரண்டு ஸ்டாம்பருக்கு நடுவில் சூடான பிவிசி பிளாஸ்டிக் உருண்டை, அதற்கு மேலும் கீழும் லேபிள் காகிதம். நீராவிச் சூட்டில் ஓர் அழுத்து, குளிர்ந்த தண்ணீரால் ஆற்றி எடுத்தால் தட்டு. அரை நிமிட வேலை. லேபிளுக்குப் பசையே கிடையாது, சூட்டிலேயே ஒட்டிக்கொள்கிறது. எனக்கு இது தெரிந்தபோது வயது முப்பதுக்கு மேல்.

ஒரு ஸ்டாம்பர் ஏறக்குறைய ஆயிரம் தட்டு தாங்கும். அப்புறம் மேடுகள் மழுங்க ஆரம்பிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து லட்சம் தட்டு விற்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் ஆயிரம் ஸ்டாம்பர். ஒரு லாக்கர் அவ்வளவு சந்ததி தராது. ஆகவே பல லாக்கர், பல கட், ஒன்றுக்கு மேற்பட்ட ஆலை. ஒரே மாதத்தில், ஒரே நாட்டில் வாங்கிய இரண்டு 'ஏஷா' கூட ஒரே வார்ப்பில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று புது ஸ்டாம்பரின் ஐம்பதாவது தட்டு, இன்னொன்று மழுங்கிய ஸ்டாம்பரின் தொள்ளாயிரமாவது தட்டு என்றும் இருக்கலாம்.

அந்த லாக்கர் தகடு பற்றி ஒரு கொசுறு. உலகத்தில் அதைச் செய்து கொடுத்தவர்கள் இரண்டே இரண்டு பேர்: கலிஃபோர்னியாவின் பேனிங்கில் அப்போலோ மாஸ்டர்ஸ், ஜப்பானில் எம்டிசி. 2020 பிப்ரவரியில் அப்போலோ எரிந்து போனது. இசைத்தட்டு மறுபடி சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த நேரம். ஒரே வாரத்தில் உலகம் முழுக்க மாஸ்டரிங் ஆட்கள் கையிருப்பை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

செத்த மெழுகு

பாட்டு முடிந்த பிறகு, லேபிளுக்கு முன்னால், ஊசி சும்மா சுற்றும் வழுவழுப்பான வளையம் ஒன்று இருக்கும். இதை 'டெட்வாக்ஸ்' என்கிறார்கள். செத்த மெழுகு என்று தமிழில் சொன்னால் ஏதோ வைத்தியச் சரக்கு மாதிரி இருக்கிறது, ஆகவே டெட்வாக்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தட்டின் ஜாதகம் அங்கேதான் எழுதியிருக்கும்.

தட்டைக் கையில் எடுங்கள். விரல் படாமல், ஓரத்தையும் லேபிளையும் மட்டும் பிடித்து. அறை விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மெல்லத் திருப்பினால் சில எண்களும் எழுத்துகளும் எழும்பி வரும். சில, எந்திரத்தால் பதித்த அச்செழுத்து. சில, லாக்கர் வெட்டியவரே ஊசியால் கிறுக்கிய கையெழுத்து. கம்பெனியின் ஆல்பம் எண் இருக்கும் ('ஏஷா'வுக்கு 1006), எந்தப் பக்கம், எத்தனையாவது கட், சில தட்டுகளில் ஆலையின் குறி, வெட்டியவரின் முதலெழுத்து. நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அந்த முதலெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு வேறொரு தட்டைத்தான் உதாரணம் சொல்வார்கள். 1969இல் வந்த லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பத்தை ராபர்ட் லட்விக் என்ற இளைஞர் மிகச் சத்தமாக, பேஸ் ததும்ப வெட்டினார். மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளி ஓடியது. புகார் வந்ததும் கம்பெனி அதை நிறுத்திவிட்டு, சத்தம் குறைத்து வேறொரு கட் போட்டது. இன்றைக்கு டெட்வாக்ஸில் 'ஆர்.எல்.' என்று கிறுக்கிய பிரதிக்கும் அது இல்லாத பிரதிக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். உறையில் ஒரு புள்ளி கூட மாறவில்லை.

'ஏஷா' குடும்பம்

இப்போது மூலத்துக்கு வருவோம். 1977இல் ஏபிசி லேபிளில் வந்த அமெரிக்கத் தட்டு குடும்பத்தின் மூத்தது. டேப் அப்போது புத்தம்புதிது, வெட்டியவர் கிரண்ட்மன். விரித்துத் திறக்கும் உறை. உள்ளே மைக்கேல் ஃபேலன் என்ற விமர்சகர் எழுதிய நீண்ட குறிப்பு. அப்படி ஒரு விமர்சகரே கிடையாது, ஃபேகனும் பெக்கரும் அந்தப் பெயரில் எழுதிக்கொண்டது. வெளியே ஹிதேகி ஃபூஜி எடுத்த படம்: முக்கால்வாசி இருட்டு, சயோகோ யமகுச்சி என்ற ஜப்பானிய மாடலின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம், உடையின் சிவப்பு வெள்ளைக் கரை மட்டும் பளிச்சென்று. கறுப்பு உறை என்பதால் ஓரம் தேய்ந்து வெள்ளை தெரியாத பழைய பிரதி கிடைப்பது கடினம். எனக்கு அதுதான் பெரிய குறை.

1979இல் ஏபிசியை எம்சிஏ வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு அச்சான 'ஏஷா'க்களில் எம்சிஏ லேபிள் இருக்கும். எண்பதுகளில் வந்தவற்றில் நீல வானமும் வானவில்லும். எண்பதுகளில் மலிவுப் பதிப்புகள் வரத் தொடங்கின. விற்பனை ஆகி முடிந்த பழைய ஆல்பத்துக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள் அல்லவா. பழைய உலோகப் படிவங்களையே ஓட்டலாம், புதிதாக வெட்டினாலும் பத்திரமாக எடுத்து வைத்த முதல் டேப்பை வெளியே எடுக்காமல் அதன் நகலிலிருந்து வெட்டலாம். உறையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, டெட்வாக்ஸைத்தான் பார்க்க வேண்டும்.

மொபைல் ஃபிடெலிட்டி என்ற கம்பெனி 'பாதி வேக' வெட்டு என்ற உத்தியில் ஒரு பதிப்பு வெளியிட்டது. டேப்பையும் கடைசல் எந்திரத்தையும் பாதி வேகத்தில் ஓட்டினால் ஊசிக்கு நிதானம் கிடைக்கும், உயர் ஒலிகள் சுத்தமாக விழும் என்பது கணக்கு. இதைக் கொண்டாடுபவர்களும் உண்டு, சிம்பல் பளபளக்கிறது ஆனால் பேஸ் மெலிந்துவிட்டது என்று ஒதுக்குபவர்களும் உண்டு. ஜப்பானியப் பதிப்பில் தட்டின் பரப்பு அமைதி. இரைச்சல், 'டிக் டிக்' கிட்டத்தட்டக் கிடையாது. உறையின் இடப்பக்கம் ஓபி என்ற காகிதப் பட்டை சுற்றியிருக்கும். அந்தப் பட்டை கிழியாமல் இருந்தால் விலை ஏறும், போய்விட்டால் இறங்கும். பாட்டுக்கும் அந்தக் காகிதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் சேகரிப்பவர்கள் அப்படித்தான், நானும் அதற்கு விலக்கில்லை. 2007இல் சிஸ்கோ என்ற சிறிய கம்பெனி போட்ட பதிப்பையும் நல்ல காதுள்ளவர்கள் தேடுகிறார்கள்.

2023இல் நடந்ததுதான் இந்தக் கதையிலேயே சுவாரசியமானது. ஸ்டீலி டான் ஆல்பங்களை மறுபடி வெளியிட முடிவு செய்து, 'ஏஷா'வை அதே பெர்னி கிரண்ட்மனிடம் கொடுத்தார்கள். நாற்பத்தாறு வருடம் கழித்து! ஆனால் அசல் மாஸ்டர் டேப் இல்லை. தட்டுக்காக ஒலியைத் திருத்தாத, டேப்பிலேயே எடுத்த ஓர் அனலாக் நகல்தான் கையில் இருந்தது. அதிலிருந்து வேலை செய்தார். மல்டிடிராக் கதையும் இதற்குக் குறைந்ததில்லை. 1999இல் சிடி மறுபதிப்பு வந்தபோதே 'பிளாக் கவ்', 'ஏஷா' இரண்டு பாட்டின் மல்டிடிராக் டேப்புகளைக் காணோம், கண்டுபிடித்துக் கொடுத்தால் 600 டாலர் தருகிறோம் என்று ஃபேகனும் பெக்கரும் உள் குறிப்பில் எழுதியிருந்தார்கள். அவர்கள் கிண்டலுக்குப் பேர்போனவர்கள். காணாமல் போனது மட்டும் கிண்டல் இல்லை.

அந்த 2023 பதிப்பே இரண்டு விதமாக வந்தது. ஒன்று, நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓடும் இரட்டைத் தட்டு, கண்ணாடி மாதிரி நிறமற்ற வினைல், கனமான பெட்டி, விலை அப்போது 150 டாலர். கான்சாஸின் சலைனா நகரத்தில் அச்சானது. இன்னொன்று வழக்கமான 33⅓ சுற்றில் ஒற்றைத் தட்டு, சாதாரண விலை. இரண்டிலும் கிரண்ட்மன் பெயர் இருக்கும். ஆனால் மலிவான தட்டுக்கு லாக்கர் வெட்டியவர் வேறொருவர். அவர் வெட்டியது கிரண்ட்மன் செய்ததன் டிஜிட்டல் கோப்பிலிருந்து. என்னிடம் இருக்கும் மூன்றில் ஒன்று இந்த மலிவானது. குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

டிஜிட்டல் என்றதும் முகம் சுளிப்பவர்கள் ஒரு சம்பவத்தைக் கேட்க வேண்டும். அதே மொபைல் ஃபிடெலிட்டி, முழுக்க அனலாக் என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய விலை உயர்ந்த பல தட்டுகளில், நடுவில் டிஜிட்டல் கோப்பு ஒன்று இருந்தது 2022 ஜூலையில் வெளியே வந்தது. பத்து வருடத்துக்கும் மேலாக அப்படி. வழக்கு, நஷ்டஈடு என்று போனது. சொல்லாமல் விற்றது தப்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பத்து வருடமும் 'டிஜிட்டல் காதைக் குத்தும்' என்று சொல்லிக்கொண்டிருந்த காதுகள் அந்தத் தட்டுகளைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடின.

தட்டின் கடைசி அங்குலம்

45 சுற்றில் ஏன் போடுகிறார்கள்? இது பள்ளிக்கூடக் கணக்குதான். தட்டு நிமிடத்துக்கு 33⅓ தடவை சுற்றுகிறது, வெளி ஓரத்திலும் சரி, உள்ளேயும் சரி. ஆனால் வெளி வட்டம் பெரியது. அங்கே ஒரு நொடிக்கு ஊசிக்கு அடியில் சுமார் 51 செமீ பள்ளம் ஓடும். லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது 21, 22 செமீதான். ஒரு நொடி இசையைப் பாதியைவிடக் குறைந்த நீளத்தில் திணிக்க வேண்டியிருக்கிறது. சிம்பல், சாக்ஸ், 'ஸ' என்று வரும் குரல் ஆகியவை அங்கே லேசாகக் கரகரக்கும்.

'ஏஷா'வின் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டு 'டீக்கன் ப்ளூஸ்'. ஏழரை நிமிடம். அதில் சாக்ஸ் வாசித்த பீட் கிறிஸ்ட்லீப்பை, டிவியில் இரவு நிகழ்ச்சியின் வாத்தியக் குழுவில் கேட்டுவிட்டுப் பிடித்து வந்தார்கள். பாட்டு தேய்ந்து மறையும்போது அவர் வாசித்துக்கொண்டே போவார். அந்த அருமையான வாசிப்பு தட்டிலேயே மோசமான இடத்தில் போய் விழுந்திருக்கிறது. ஆகவே ஒரு பழைய 'ஏஷா' தேய்ந்ததா, நல்லதா என்று பார்க்க நான் முதலில் ஊசி வைப்பது அங்கேதான். சாக்ஸ் வழவழவென்று மறைந்தால் அந்தத் தட்டை யாரோ நல்ல ஊசியில் போட்டிருக்கிறார்கள். தகர டப்பாவில் ஊதுவது மாதிரி இருந்தால் பேசாமல் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். 45 சுற்றில் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும், ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு பாட்டே இருப்பதால் உள் வட்டம்வரை போகவும் தேவையில்லை. பதிலுக்கு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். சோபாவில் சாய்ந்து கேட்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய தண்டனை.

180 கிராம் என்று உறையில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்களே, அது? கனமான தட்டு சீக்கிரம் வளையாது, கையில் பிடிக்க நன்றாக இருக்கும். ஒலி அதனால் உயராது. பள்ளத்தின் ஆழம் எடையைப் பொறுத்தது இல்லை.

வாங்குவது பற்றி

முதல் பிரெஸ்ஸிங் என்றாலே உசத்தி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதி உண்மை. எழுபதுகளின் நடுவில் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பிவிசி தட்டுப்பாடு வந்து, கம்பெனிகள் பழைய தட்டுகளை உருக்கி மறுபடி அழுத்தின. அந்தக் காலத்து முதல் அச்சிலும் இரைச்சல் மிகுந்தவை ஏராளம். 'ஏஷா' விஷயத்தில் என் காது 1977 ஏபிசி தட்டின் பக்கம்தான். நண்பர் வீட்டில் கேட்டிருக்கிறேன். டிரம்ஸின் உடம்பு அதில் இருப்பது போல் மற்றவற்றில் இல்லை. அதே தட்டை முப்பது வருடம் மட்டமான ஊசியில் போட்டுத் தேய்த்திருந்தால், 2023இன் மலிவான பதிப்பே மேல்.

தட்டின் நிலையைச் சொல்ல விற்பவர்கள் ஒரு தரவரிசை வைத்திருக்கிறார்கள். 'மின்ட்', அதற்குக் கீழே 'நியர் மின்ட்', அப்புறம் 'வெரி குட் ப்ளஸ்', 'வெரி குட்'. புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் கடைசியது. வெரி குட் என்றால் மிக நன்று என்று அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். கீறல் கேட்கும், இரைச்சல் கேட்கும், ஆனாலும் பாடும் என்று அர்த்தம். 'குட்' என்றால் கையால் தொடாதீர்கள்.

இணையத்தில் வாங்கினால் உறையின் படம் போதாது. லேபிளின் படம் கேளுங்கள், டெட்வாக்ஸின் படம் கேளுங்கள். இரண்டு பக்கத்துக்கும். நான் இதைக் கற்றது காசு கொடுத்துத்தான். 'ஒரிஜினல் 1977, ஏபிசி' என்று ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்தார். உறைப் படம் பிரமாதமாக இருந்தது, ஓரம்கூடத் தேயாமல். பணம் அனுப்பினேன். பார்சல் வந்தது. உறை உண்மையாகவே 1977தான். விரித்தால் அந்தப் பொய் விமர்சகரின் குறிப்பு, எல்லாம் சரி. தட்டை உருவினேன், லேபிளில் நீல வானம், வானவில். யாரோ எந்தக் காலத்திலோ தட்டை மாற்றி வைத்திருக்கிறார்கள். விற்றவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

போன் போட்டுச் சொன்னேன். ஏபிசி, எம்சிஏ, டெட்வாக்ஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "சார், பாட்டு எல்லாம் அதேதானே வருது?" என்றார்.

ஆமாம் என்றேன். அலமாரியில் ஜப்பான் தட்டுக்கும் 2023 தட்டுக்கும் நடுவில் இருக்கும் மூன்றாவது அதுதான்.